ஒற்றைக் காதுத் தோடு

எக்ஸ்ரே அறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. குழந்தையுடன் ஒருவர்தான் உள்ளே வரலாம் என்றார்கள். என் கணவர் குமரன் போனார். ஒன்றரை வயது யாழினி அழுவது அந்தக் கனத்த கதவையும் தாண்டிக் கேட்டது.

வெளியே பெஞ்சில் நானும் மைமூன் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். நான் வேலைக்குப் போகும் நாட்களில், பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் உள்ள தன் அடுக்குமாடி வீட்டில் யாழினியைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். மடியில் யாழினியின் பால் புட்டியை வைத்துக்கொண்டு அதன் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக இருந்தார். உதடுகள் ஓயாமல் எதையோ ஓதிக்கொண்டிருந்தன.

யாழினியின் இடது காதுத் தோட்டைக் காணவில்லை. தோடும் இல்லை, திருகாணியும் இல்லை. விழுங்கிவிட்டாள் என்றுதான் நாங்கள் மூவருமே நம்பினோம்.

"வயித்துலதான் இருக்கும் தங்கச்சி. வீட்டுல ஒரு இடம் விடல. பாயெல்லாம் ஒதறிட்டேன்" என்று அக்கா மறுபடியும் சொன்னார்.

நான் தலையாட்டினேன். என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது வேறு. வயிற்றில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். வேலையிடத்தில் நான் தினமும் தங்கத்தைக் கரைப்பதும் அதே அமிலத்தில்தான்.

தே ஓ நிறத்துத் தொட்டி

இந்தத் தொடரில் என் வேலையைப் பற்றி இதுவரை சரியாகச் சொல்லவில்லை. 'கெமிஸ்ட்' என்று ஒரு வார்த்தையில் கடந்துவிட்டேன். மருந்துக்கடை என்று நினைத்துக்கொண்டு ஒரு வாசகி தன் பிள்ளையின் இருமலுக்கு யோசனை கேட்டு எழுதியிருந்தார். மன்னிக்க வேண்டும் அக்கா, எனக்குத் தெரிந்த மருந்தெல்லாம் என் மகளுக்கே சரியாகக் கேட்பதில்லை.

நான் வேலை பார்ப்பது தீவுக்கு மறுகரையில் இருக்கும் புக்கிட் தெங்காவில், தங்கம் சுத்திகரிக்கும் ஒரு சிறிய தொழிற்சாலையில். பாயான் பாரு பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் கழித்துப்போடும் பலகைகளும் மயிரிழை போன்ற கம்பிகளும் எங்களிடம் வரும். அவற்றிலிருந்து எடுக்கும் கலப்புத் தங்கத்தைத் தகடாக வார்த்து, அதைக் கரைத்துச் சுத்தம் செய்வோம்.

தங்கம் அமிலத்துக்கு அஞ்சாது என்று ஊரில் சொல்வது உண்மைதான். அந்தத் தகட்டை வெறும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மாதக்கணக்கில் ஊறப்போட்டாலும் தங்கம் அசையாது. ஆனால் தகட்டை மின்சுற்றின் நேர்முனையில் மாட்டிவிட்டால் கதை மாறும். மின்சாரம் தங்க அணுவிடமிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கும். அமிலத்தில் உள்ள குளோரைடு அந்த அணுவைச் சூழ்ந்து தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால்தான் தங்கம் கரையும். தகடு மெல்ல மெல்ல மெலிந்துகொண்டே போகும். தொட்டி, பால் சேர்க்காத தே ஓ நிறத்துக்கு வரும். எதிர்முனையில் சுத்தத் தங்கம் வந்து படியும்.

முதல் நாள் அதைப் பார்த்தபோது தொட்டியைவிட்டு என்னால் நகர முடியவில்லை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் நாம் நம்பிப் பூட்டுகிற பொருள், கண் முன்னே தண்ணீரோடு தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த அறைக்குள் யாரும் தங்கம் அணிந்து போக முடியாது. கல்யாணமான நாங்கள் சில பேர் தாலியைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு விரலி மஞ்சளைக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்வோம். பையில்லாத அங்கி. வெளியே வரும்போது உடம்பு முழுக்கக் கருவியால் தடவிப் பார்ப்பார்கள். பழகிவிட்டால் அது குடை பிடிப்பது மாதிரி. கையை விரித்து நின்றுவிட்டு வந்துவிடலாம்.

கைப்பேசியும் உள்ளே கூடாது. அதனால் தோடு காணாமல் போன அந்தச் சனிக்கிழமை, தேநீர் இடைவேளையில் லாக்கரைத் திறந்தபோதுதான் மைமூன் அக்காவின் அழைப்புகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன்.

பாலத்தின் மேல்

பினாங்குப் பாலத்தில் சனிக்கிழமை நெரிசலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தீவு கண்ணுக்குத் தெரியும், போய்ச் சேர முடியாது.

தோடு கரையாது என்று எனக்குத் தெரியும். வயிற்றில் அமிலம் உண்டு, குளோரைடு உண்டு, மின்சாரம் கிடையாது. பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன். ஆனால் காருக்குள் அடுத்த எண்ணம் தானாக வந்தது. அது 916 தங்கம். முழுத் தங்கம் இல்லை. மீதியில் செம்பு இருக்கும். செம்பு என்ன செய்யும்? அதற்கடுத்த எண்ணம் இன்னும் மோசமானது. மின்சாரம் இல்லை என்று எப்படிச் சொல்கிறாய்? அக்கா வீட்டில் பாட்டுப் பாடும் மஞ்சள் வாத்து ஒன்று இருக்கிறதே. அதற்குள் பொத்தான் பேட்டரி இருக்குமே. தோட்டோடு அதையும் விழுங்கியிருந்தால்?

படிப்பு சில நேரம் ஆறுதல் தருவதில்லை. படிக்காதவர்களுக்குத் தோன்றாத பயங்களை வரிசையாக எடுத்துக் கொடுக்கிறது.

அக்காவை அழைத்து வாத்தைப் பார்க்கச் சொன்னேன். ரிமோட்டைப் பார்க்கச் சொன்னேன். சமையலறைத் தராசைக்கூடப் பார்க்கச் சொன்னேன். எல்லாவற்றிலும் பேட்டரி மூடி திறக்காமல் இருப்பதாகச் சொன்னார். பிறகு, "குமரன் தம்பி வந்துட்டாரு, நாங்க ஆஸ்பத்திரிக்குக் கெளம்புறோம். நீ நிதானமா காடி ஓட்டு" என்றார். அவர் குரலில்தான் நிதானமே இல்லை.

கோசோங்

சிவப்பு விளக்கு அணைந்தது. குமரன் யாழினியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். எக்ஸ்ரே எடுத்த இளைஞர் பின்னாலேயே வந்து, டாக்டர் பார்த்துச் சொல்வார் என்று முறைப்படி சொன்னார். ஆனால் என் முகத்தைப் பார்த்து அவருக்கே மனம் கேட்கவில்லை போலிருக்கிறது.

"கோசோங், அக்கா" என்றார் மெதுவாக. காலி.

டாக்டரும் அதையே திரையில் காட்டினார். தொண்டையிலிருந்து தொடை வரைக்கும் சின்னச் சின்ன எலும்புகள், கொஞ்சம் காற்று. தோடு இல்லை, திருகாணி இல்லை, பேட்டரி இல்லை. உலோகம் என்று ஒரு துரும்பும் இல்லை. நான் குழந்தையை வாங்கி அவள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டேன். வியர்வையும் பாலும் கலந்த வாசனை. 

வெளியே வந்து, "ஒண்ணும் இல்லக்கா, வயித்துல ஒண்ணுமே இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

மைமூன் அக்கா முதலில் சிரித்தார். "அல்ஹம்துலில்லா" என்றார். அடுத்த கணம் அந்தச் சிரிப்பு முகத்தைவிட்டு வடிந்ததை நான் பார்த்தேன்.

"அப்ப எங்க போச்சு?" என்றார்.

அது எங்களைக் கேட்ட கேள்வி இல்லை. என்னைக் காப்பாற்றிய அந்தப் படம் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டது என்று அவருக்குத்தான் முதலில் புரிந்தது. வயிற்றில் இல்லை என்றால் வீட்டில் இருக்க வேண்டும். வீடு அவருடையது.

அக்கா பால் புட்டியைப் பெஞ்சில் வைத்தார். தன் கைப்பையைத் திறந்து, அப்படியே தலைகீழாகக் கொட்டினார். சாவி, தைல புட்டி, சில்லறை, ஒரு தஸ்பீஹ் மணிமாலை, யாழினியின் ஒற்றைக் காலுறை. பிறகு பையின் உள் துணியையும் வெளியே இழுத்து உதறிக் காட்டினார்.

"அக்கா, என்னக்கா இது" என்று நான் சொன்னேன். ஆனால் கொஞ்சம் பிந்திச் சொன்னேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் என் கண் அந்தப் பொருட்களின் மேல் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டாரோ என்று இன்றும் எனக்கு உறுதியில்லை.

செல்வியின் மஞ்சள் முடிச்சு

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாரக் கடைசியில் தங்கம் குறைந்தது. எங்கள் அறையில் ஒரே சட்டம்தான். உள்ளே போனதும் வெளியே வந்ததும் சமமாக இருக்க வேண்டும். தகடு எவ்வளவு மெலிந்ததோ, அந்த அளவு தங்கம் கரைசலிலும் எதிர்முனையிலும் இருந்தாக வேண்டும். அன்று இல்லை.

கதவை மூடிவிட்டு எல்லாரையும் சோதித்தார்கள். அந்தத் தொட்டியைக் கவனித்துக்கொண்டவள் செல்வி. பட்டர்வொர்த்திலிருந்து பஸ்ஸில் வருவாள். நாள் முழுக்கத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே எதையாவது சொல்லி எங்களைச் சிரிக்கவைப்பாள். அவளை மட்டும் மறுபடியும் நிறுத்தினார்கள். கொண்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். பிறகு கழுத்திலிருந்த மஞ்சளைச் சுற்றியிருந்த முடிச்சையும் அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். அவள் அவிழ்த்துக் காட்டினாள். முடிச்சை மறுபடியும் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அடுத்த வாரம் தங்கம் கிடைத்தது. தொட்டியின் அடியிலேயே இருந்தது.

கரைகிற தங்க அணுக்கள் எல்லாம் ஒழுங்காக மூன்று எலக்ட்ரான்களை விட்டுவிட்டு இறங்குவதில்லை. சில ஒன்றை மட்டும் விட்டுவிட்டு அவசரமாக இறங்கிவிடும். அந்த அரைகுறை நிலையில் அவற்றால் நிலைத்திருக்க முடியாது. தங்களுக்குள்ளேயே எலக்ட்ரான்களைப் பரிமாறிக்கொண்டு, சில முழுதாகக் கரையும், மற்றவை மறுபடியும் உலோகமாகி அடியில் விழும். அப்படி விழும் தங்கம் மின்னாது. பழுப்புத் தூளாக மற்றச் சேற்றோடு கலந்து கிடக்கும். வழக்கமாகவே கொஞ்சம் விழும். அந்த வாரம் அதிகம் விழுந்திருந்தது. அந்தச் சேற்றைத் தங்கம் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அன்றோடு வேலைக்கு வராமல் நின்றுவிட்ட செல்விக்கு அலுவலகத்திலிருந்து போன் செய்து, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார்களாம். அவள் திரும்பி வரவில்லை.

"தங்கம் நடந்தா போகும்?"

ஆஸ்பத்திரியிலிருந்து மைமூன் அக்காவை ஜெலுத்தோங்கில் இறக்கிவிடப் போனோம். வழியில் குமரன் மரியாதையாகத்தான் கேட்டார். இன்றைக்கு வீட்டுக்கு யாராவது வந்தார்களா அக்கா? கேஸ் சிலிண்டர் போடுகிற ஆள்? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்? முதல் கேள்விக்கு அக்கா நீளமாகப் பதில் சொன்னார். அடுத்ததற்கு அதைவிடச் சுருக்கமாக. கடைசியில் "இல்ல தம்பி" மட்டும் மிஞ்சியது. இறங்கும்போது யாழினியின் கன்னத்தைக்கூடத் தொடவில்லை.

தொட்டியிலும் இப்படி ஒன்று நடக்கும். சீக்கிரம் முடிக்கலாம் என்று மின்னழுத்தத்தை ஏற்றினால், ஓர் எல்லைக்கு மேல் தங்கம் கரைவதை நிறுத்திக்கொள்ளும். தன்மேல் ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். அதற்கும் மேலே ஏற்றினால் தொட்டியிலிருந்து வருவது குளோரின் நெடிதான். கண் எரியும், வேலை நடக்காது.

அன்று மாலை சுங்கைப்பட்டாணியிலிருந்து என் அத்தை, குமரனின் அம்மா, போன் செய்தார். காதுகுத்துக்கு அந்தத் தோடுகளைச் செய்து போட்டவர் அவர். முதலில் பேத்தியை விசாரித்தார், அழுதார், கோயிலுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் கேட்டார்.

"அந்த மைமூன் புள்ளய நான் ஒண்ணும் சொல்லல. ஆனா தங்கம் நடந்தா போகும்?"

 திங்கட்கிழமை அனுப்பும்போது மற்றத் தோட்டையும் கழற்றிவிடு, அதற்குப் பிறகு வேறு ஆளைப் பார் என்றார். அவர் சொன்னதில் குற்றம் காணவும் முடியவில்லை. பெற்றவள் எச்சரிக்கையாக இருக்க வேண்டாமா? குழந்தையை நாள் முழுக்க விட்டுவிட்டுப் போகிற இடமல்லவா? ஆனால் மைமூன் அக்கா இன்னும் இரண்டு வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். நாங்கள் காரணம் சொல்லாமல் நிறுத்தினாலே போதும். காரணத்தை அந்த அடுக்குமாடி தானாகவே சொல்லிக்கொள்ளும். அதற்குப் பிறகு யாரும் அவரிடம் பிள்ளையை விடமாட்டார்கள்.

உள்ளே போனது

ஞாயிற்றுக்கிழமை யாழினியின் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். வலது காதில் அந்த ஒற்றைத் தோடு எண்ணெய் பட்டு மின்னியது. இடது காதில் சின்னத் துளை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் அறையில் தங்கம் குறைந்தால் முதலில் கேட்கும் கேள்வி, வெளியே என்ன போனது என்பதில்லை. உள்ளே என்ன வந்தது என்பதுதான். தகட்டை நிறுக்காமல் தொட்டியில் இறக்க எங்களுக்கு அனுமதியே கிடையாது.

சனிக்கிழமை காலையில் அந்தத் தோடு காதில் இருந்ததா?

யோசித்தேன். மழை. தாமதமாகிவிட்டது. தூங்கிக்கொண்டிருந்தவளைத் துண்டால் தலையோடு மூடி, காரிலிருந்து லிஃப்ட்டுக்கு ஓடினேன். அக்கா வாசலிலேயே வாங்கிக்கொண்டார். அதற்கு முந்தின நாள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தோம். அதற்கு முன்பு குளிப்பாட்டியது குமரன். கைப்பேசியில் இருந்த படங்களை எல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எதிலும் இடது காது தெரியவில்லை. முடி, தொப்பி, என் தோள்.

கார் இருக்கையைக் கழற்றித் தேடினேன். கட்டில், குளியலறை, துவைக்கும் இயந்திரத்தின் வடிகட்டி. எங்கேயும் இல்லை. இல்லாமல் போனது எங்கே என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் எங்களில் யாருக்குமே, அக்காவுக்குக்கூட, அது அந்த வீட்டுக்குள் போனது என்று உறுதியாகத் தெரியாது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து அதைப் போனதாக வைத்துக்கொண்டோம்.

குமரனிடம் சொன்னேன். கழற்றிய கார் இருக்கையை மறுபடியும் மாட்டிக்கொண்டே, "நான் காடியில அவ்ளோ கேட்டிருக்கக் கூடாது" என்றார். அத்தையிடம் நானே பேசுகிறேன் என்றேன். பேசினேன். அவர் முழுதாக ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. "சரி, ஒம்புள்ள" என்றார்.

திங்கட்கிழமை

காலையில் சீவிவிடும்போது என் கை ஒருமுறை அந்த ஒற்றைத் தோட்டின் திருகாணிக்குப் போனது. கழற்றுவதற்கா, இறுக்குவதற்கா என்று எனக்கே தெரியவில்லை. இறுக்கினேன்.

மைமூன் அக்கா கதவைத் திறந்தார். நாங்கள் வருவோம் என்று எதிர்பார்க்கவில்லை போலும். ஆனால் உள்ளேயிருந்து யாழினிக்கு வைக்கும் கஞ்சியின் வாசனை வந்தது. யாழினி அவரைப் பார்த்ததும் கையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. காதைத்தான் பார்த்தார்.

"அந்த ஒண்ணையும் கழட்டிட்டு விட்டுட்டுப் போ தங்கச்சி. எனக்குப் பயமா இருக்கு."

வழியெல்லாம் நான் அழகாகச் சொல்லிப் பார்த்துவந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

"அக்கா, அன்னைக்கு நான் கொண்டாந்து விடும்போது தோடு காதுல இருந்துச்சான்னே எனக்குத் தெரியாதுக்கா. நான் பாக்கல" என்றேன். "எங்க விழுந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. எங்க வீட்டுலயே விழுந்திருக்கலாம். இத நான் எங்க அத்தகிட்டயும் சொல்லிட்டேன்."

அவர் கதவை இன்னும் அகலமாகத் திறந்தார். பிறகு, "பொழுதன்னிக்கும் பாயத் தட்டிக்கிட்டே இருக்கேன்லா. பக்கத்து வூட்டுக்காரி என்ன பேய் புடிச்சிருச்சான்னு கேக்குறா" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. யாழினியைக் கையில் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் வேலைக்குப் போனேன். நாள் முழுக்க, செய்தது சரியா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று மாலை வெளியே வரும்போது, கருவியால் தடவுவதற்குக் கையை விரித்து நின்றேன். பழகிப்போனதுதான், இருந்தும் அன்று உடம்பு கூசியது.

பிள்ளையை அழைக்கப் போனபோது யாழினியின் வலது காதுமேல் ஒரு சின்னப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. தோடு விழுந்துவிடாமல் இருக்க அக்கா ஒட்டியது. வணக்கம் சொல்வதற்கு முன்பே அதைப் பிய்த்து, காதை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பாத்துக்க."

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அழுத்திச் சொன்னால் இன்னும் இறுகிப்போவார் என்று விட்டுவிட்டேன். மாலை ஆனால் பிளாஸ்டர், காது, பாத்துக்க. நான் பார்ப்பேன், தலையாட்டுவேன். யாழினிகூட, என்னைக் கண்டதும் தானாகவே கழுத்தைச் சாய்க்கப் பழகிவிட்டாள்.

மாதங்கள் போய்விட்டன. தோடு கிடைக்கவில்லை. இன்னொன்று செய்து போடலாம் என்று அத்தை சொல்கிறார். பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வாரம் ஒரு நாள் மாலை போனபோது லிஃப்ட் பழுது. மூச்சு வாங்க ஏறி வந்த என்னிடம் அக்கா கதவைத் திறந்ததும் முறையிட ஆரம்பித்தார். உன் மகள் இன்றைக்கு மீனைத் தொடவில்லை, வாத்தைக் கொண்டுபோய் வாளித் தண்ணீரில் போட்டுவிட்டாள், அது இப்போது ஒரே பாட்டைத்தான் பாடுகிறது, கேட்டுப்பார். நான் கேட்டேன். உண்மையிலேயே ஒரே பாட்டுதான். இருவரும் சிரித்தோம். பை, புட்டி, குழந்தை எல்லாவற்றையும் கையில் கொடுத்து, படி வழுக்கும் பார்த்துப் போ என்று அனுப்பிவைத்தார்.

கீழே காருக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. அன்று அக்கா காதைக் காட்டவில்லை. மறந்துவிட்டார். நானும் மறந்துவிட்டேன்.

யாழினி இருக்கையில் சாய்ந்து தூங்கத் தொடங்கியிருந்தாள். வலது காது அடிப்பக்கம். முகத்தைத் திருப்பிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் கை எழுந்தது. விட்டுவிட்டுக் காரை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன். பிளாஸ்டர் இல்லை. தோடு இருந்தது.